யாழ்ப்பாணத்தைத் தூரமாக்குவது பொல்காவலை

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தை விரிவாக்குவது, கொழும்புக்கு அருகே இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானங்களைக் கூட்டுவது, கட்டுநாயக்க சர்வதேச விமான நிலையத்தின் இரண்டாவது முனையத்தைக் கட்டி முடிப்பது ஆகிய மூன்றும் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரே விவாதமாகக் கலந்துபோய்க் கிடக்கின்றன. அவை மூன்று வேறு விடயங்கள். பலாலிக்கும் கட்டுநாயக்கவுக்கும் நல்ல காரணம் இருக்கிறது. இரத்மலானை - யாழ்ப்பாணம் விமானத்துக்காக எழுப்பும் குரலை வடக்கு ரயில் பாதைக்காக எழுப்பினால் பயன் பல மடங்கு என்பதே என் உறுதியான கருத்து.

முதலில் நேரக் கணக்கு. இரத்மலானையிலிருந்து பலாலி ஆகாய வழியில் 330 கிலோமீற்றர் அளவு. சுழல்விசிறி விமானத்துக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். விளம்பரத்தில் வருவது அந்த ஒரு மணித்தியாலம் மட்டும்தான். வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி நெரிசலில் இரத்மலானைக்கு அரை மணி, பொதி நிறுத்துப் பரிசோதனை முடித்துக் காத்திருக்க ஒரு மணி, இறங்கிப் பொதி எடுத்துப் பலாலியிலிருந்து யாழ். நகருக்கு வர முக்கால் மணி. கூட்டினால் மூன்றேகால் மணித்தியாலம். கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து யாழ்ப்பாணம் ரயிலில் 398 கிலோமீற்றர். நன்றாக ஓடும் நாளில் ஆறரை மணித்தியாலம். சராசரி வேகம் 61 கிலோமீற்றர். அதே தூரத்தைச் சராசரி 80 கிலோமீற்றரில் ஓடினால் ஐந்து மணித்தியாலத்தில் போய்ச் சேரலாம். இதற்கு அதிவேக ரயில் எதுவும் தேவையில்லை. ஓடும் ரயிலை வழியில் நிறுத்தி வைக்காமல் விட்டாலே பெரும்பகுதி கிடைத்துவிடும்.

ஏன் நிறுத்துகிறார்கள்? கோட்டையிலிருந்து பொல்காவலை வரை, சுமார் 73 கிலோமீற்றருக்கு, இரட்டைப் பாதை உண்டு. அங்கே வடக்குப் பாதை பிரிந்ததும் காங்கேசன்துறை வரை ஒற்றைப் பாதை. அதிலும் பொல்காவலையிலிருந்து குருநாகல் ஊடாக மாகோ வரையான ஏறக்குறைய 60 கிலோமீற்றர்தான் கழுத்தை நெரிக்கும் இடம். யாழ்ப்பாண ரயில், தலைமன்னார் ரயில், மட்டக்களப்பு ரயில், திருகோணமலை ரயில் எல்லாம் அந்த ஒரே பாதையில்தான் போய் வருகின்றன. கிழக்குப் பாதை பிரிவது மாகோவில். ஆகவே மட்டக்களப்பிலிருந்து வரும் ரயில் அரை மணி பிந்தினால் யாழ்ப்பாணத்துக்குப் போகிறவரும் சேர்ந்து காத்திருக்கிறார். பெட்டிக்குள் இருப்பவருக்கு இது தெரியாது. "இஞ்சின் பழுது" என்று பேசிக்கொள்வார்கள்.

எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் ஒரு நிலையத்தில் விலகிப் போகும் கடப்பு எப்படி நடக்கிறது என்று பார்த்தால் நேரம் எங்கே கரைகிறது என்று விளங்கும். எதிரே வரும் ரயிலுக்கு வழிவிட வேண்டிய ரயிலின் சாரதிக்கு நிலையத்துக்கு முன்பே மஞ்சள் விளக்கு காட்டப்படும். பல நூறு தொன் எடையுள்ள ரயில். வேகத்தைப் படிப்படியாகத்தான் கொல்ல முடியும். பிரதான பாதையிலிருந்து பக்கப் பாதைக்குத் திரும்பும் இடத்தில், பாதை மாற்றும் தண்டவாள நாக்குகள் ஒதுங்கிப் பூட்டப்பட்டிருக்கும். அந்த வளைவில் ஊர்ந்துதான் போகலாம், இல்லாவிட்டால் சக்கரம் ஏறிப் பெட்டி தடம் புரளும். கடைசிப் பெட்டி உள்ளே வந்து நின்றது உறுதியானதும் நாக்குகளைத் திருப்பி, பூட்டி, எதிர்ரயிலுக்குப் பச்சை கொடுப்பார்கள். அது, இந்த ரயில் போகவேண்டிய பகுதியை விட்டு முழுதாக வெளியேறிய பிறகு மறுபடி நாக்கைத் திருப்பி இந்த ரயிலை விடுவார்கள். பிறகு வேகம் பிடிக்க இன்னும் சில கிலோமீற்றர். இரண்டு ரயிலும் நிமிடம் தப்பாமல் வந்தாலே ஏழெட்டு நிமிடம் போய்விடும். ஐந்து கடப்பு என்றால் 40 நிமிடம். எதிர்ரயில் 20 நிமிடம் பிந்தினால் அதுவும் இதன் தலையில். பிந்திய இந்த ரயில் அடுத்த கடப்பில் இன்னொன்றைப் பிந்த வைக்கும்.

அட்டவணையில் ரயில் கூட்டக் கேட்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். இரு கடப்பு நிலையங்களுக்கு இடையே 12 கிலோமீற்றர், ரயில் 60 கிலோமீற்றர் வேகம் என்று வையுங்கள். போக 12 நிமிடம், வர 12 நிமிடம், சமிக்ஞையும் நாக்கும் மாற்ற இரண்டு தடவை மும்மூன்று நிமிடம். ஆக 30 நிமிடத்துக்கு ஒரு போக்கும் ஒரு வரவும். இது காகிதத்தில் வரும் உச்சம். நடைமுறையில் இதில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் முழு அட்டவணையும் ஆட்டம் காணும். இரட்டைப் பாதையில் இந்தக் கணக்கே இல்லை. ஒரு ரயிலின் பின்னால் ஐந்தாறு நிமிடத்தில் அடுத்ததை விடலாம்.

மாகோ - ஓமந்தை 128 கிலோமீற்றரை இந்தியக் கடனுதவியில் 9 கோடி 12 இலட்சம் டொலர் செலவில் புதுப்பித்தார்கள். 2023 இலும் 2024 இலும் பாதையைப் பகுதி பகுதியாக மூடி மண்கட்டு, சல்லி, தண்டவாளத்தைத் தாங்கும் கொங்கிரீட் சிலிப்பர் எல்லாம் மாற்றப்பட்டன. புதுப்பித்த பாதை 2025 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது; மாகோ - அநுராதபுரம் சமிக்ஞைத் தொகுதியின் வேலையும் அப்போது தொடங்கி வைக்கப்பட்டது. நல்ல வேலை. ஆனால் பாதை ஒற்றைப் பாதையாகவே புதுப்பிக்கப்பட்டது. அதற்குத் தெற்கே கழுத்து அப்படியே இருக்கிறது. அகலமான வாய்க்காலைக் குறுகிய மதகில் கொண்டுபோய் முடித்தது மாதிரி. ஒப்பீட்டுக்கு ஒன்று: 2013 மார்ச்சில் திறக்கப்பட்ட மத்தள விமான நிலையத்துக்கு 20 கோடி 90 இலட்சம் டொலர் போனது. 3,500 மீற்றர் ஓடுபாதையும் ஆண்டுக்குப் பத்து இலட்சம் பேருக்கான முனையமும் கட்டிவிட்டு, ஒழுங்கான விமான சேவைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோம். பயணி இருக்கும் இடத்தில் பாதை போடாமல், பாதை போட்ட இடத்துக்குப் பயணியைத் தேடிய கதை அது.

புதுப்பித்த பாதையையும் பராமரிக்காவிட்டால் வேகம் நிற்காது. பற்றவைத்து நீளமாக்கிய தண்டவாளம் ஒரு கிலோமீற்றர், 30 பாகை வெப்ப உயர்வில் தடையின்றி விரிய விட்டால் 34 சென்ரிமீற்றர் நீளும். விரிய விடாமல் பிடித்து வைத்திருப்பது சிலிப்பரும், அதன் இரு முனைகளையும் அணைத்துக் கிடக்கும் சல்லியும்தான். ஆடுமாடும் ஆட்களும் நடந்து, மழை அரித்துத் தோள்பட்டைச் சல்லி சரிந்தால், வன்னி வெயிலில் தண்டவாளம் பக்கவாட்டில் நெளியும். அதற்குப் பயந்து 100 ஓடக்கூடிய இடத்தில் 40 என்று வேகத்தடை போடுவார்கள். தடை போடுவது சரியானதே. ஆறு மாதமாகியும் எடுக்காமல் விடுவதுதான் பிழை. சல்லி கொட்டி இறுக்கினால் எடுத்துவிடலாம். வடக்கில் வீதி ரயில் பாதையைக் குறுக்கறுக்கும் பல கடவைகளை இன்னும் பொலிஸ் மூலம் சேர்க்கப்பட்ட தற்காலிகக் காப்பாளர்களே பார்த்துக்கொள்கிறார்கள். சமிக்ஞையோடு பூட்டப்பட்ட தானியங்கித் தடை இல்லாத கடவையில் உயிரும் போகிறது, வேகமும் போகிறது.

இனிப் பலாலி. இங்கே விரிவாக்கத்தை எதிர்ப்பவர்களோடு நான் உடன்படவில்லை. 2019 ஒக்ரோபரில் சர்வதேச நிலையமாகத் திறந்தபோது பயன்பாட்டுக்கு வந்தது 1,400 மீற்றர் ஓடுபாதை. சென்னைச் சேவைக்கு வரும் ஏ.ரி.ஆர் 72 என்ற சுழல்விசிறி விமானம் முழு எடையோடு கிளம்ப, கடல் மட்டத்தில் 15 பாகை வெப்பநிலையில், 1,300 மீற்றருக்குச் சற்று மேல் வேண்டும். பலாலியில் மத்தியானம் 32 பாகை. காற்று ஐந்தாறு வீதம் ஐதாகிவிடும்; இறக்கை தூக்குவதும் குறையும், இயந்திர வலுவும் குறையும். ஓடும்போது ஒரு இயந்திரம் செயலிழந்தால், மிச்சப் பாதைக்குள் நின்றுவிட வேண்டும், அல்லது மற்ற இயந்திரத்தோடு மேலேற வேண்டும். இரண்டுக்கும் இடம் விட்டுத்தான் எடையை விமானி கணக்கிடுவார். இடம் போதாவிட்டால் பொதியோ ஆளோ குறைய வேண்டும். 2,300 மீற்றர் வரை பாதையைச் சீராக்கினால் எயார்பஸ் ஏ320 வகை வரலாம். சென்னைக்குப் போக நடுவில் கடல் இருக்கிறது. அங்கே ரயிலோடு போட்டி இல்லை. யாழ்ப்பாணத்தவர் சென்னைக்குப் பறக்க முதலில் தெற்கே கட்டுநாயக்கவுக்கு வருவதுதான் வீண் பயணம்.

ஆனால் ஒரு நிபந்தனை. 1990 இல் வெளியேற்றப்பட்ட வசாவிளான், பலாலி, மயிலிட்டி மக்களின் காணிகள் இன்னும் முழுமையாக விடுபடவில்லை. பழைய ஓடுபாதையின் நீளத்துக்குள்ளேயே வேலையை முடிக்க வேண்டும். விரிவாக்கம் என்ற பெயரில் மேலும் ஒரு பரப்புக் காணியும் போகக்கூடாது. காங்கேசன்துறை - நாகபட்டினம் கப்பலும் இருக்கிறது. 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கிய அந்தச் சேவைக்கு ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் எடுக்கும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் விடாது. அதனால் விமானத்துக்கு முழு மாற்றாகாது, பொதி அதிகம் உள்ளவருக்கு நல்ல துணை.

கட்டுநாயக்க இரண்டாவது முனையம் ஜப்பானியக் கடனில் 2020 இல் தொடங்கி, நாடு கடனைச் செலுத்த முடியாமல்போன 2022 இல் நின்றது. ஆண்டுக்கு 60 இலட்சம் பேருக்கென அமைந்த முனையத்தில் 2018 இலேயே ஒரு கோடிக்கு மேல் வந்து போனார்கள். முடிக்கத்தான் வேண்டும். இங்கே எவரும் பேசாத ஒன்று உண்டு: வெளிநாட்டிலிருந்து இறங்கி யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்புப் போகிறவர் ஏன் கோட்டைக்கு வர வேண்டும்? கட்டுநாயக்கவிலிருந்து மினுவாங்கொடை ஊடாக வேயாங்கொடை நிலையம் சுமார் 20 கிலோமீற்றர்தான். வடக்குக்கும் கிழக்குக்கும் போகும் ரயில் எல்லாம் அந்த நிலையத்தைத் தாண்டியே போகின்றன. பொதி வைக்க இடமுள்ள நான்கு பஸ், ரயில் நேரத்துக்குப் பொருத்திய அட்டவணை, இரண்டையும் சேர்த்த ஒரே டிக்கெட், எல்லாக் கடுகதிகளுக்கும் அங்கே இரண்டு நிமிடத் தரிப்பு. பஸ் பிந்தினால் அடுத்த ரயிலில் அதே டிக்கெட் செல்ல வேண்டும். இது இல்லாவிட்டால் ஒருவரும் நம்பி ஏறமாட்டார்கள். இதற்குப் புதிய தண்டவாளம் ஓர் அடியும் தேவையில்லை.

பிரான்ஸ் குறுந்தூர விமானங்களைத் தடை செய்ததைச் சிலர் உதாரணம் காட்டுகிறார்கள். 2023 இல் வந்த அந்தத் தடை, இரண்டரை மணித்தியாலத்துக்குள் ரயிலில் போகக்கூடிய வழிகளுக்கே பொருந்தும். நடைமுறையில் பாரிஸ் ஓர்லியிலிருந்து போர்தோ, நான்த், லியோன் என்று மூன்று வழிகள் மட்டும் நின்றன. அந்த அளவுகோலில் இலங்கையில் ஒரு விமானத்தையும் தடுக்க முடியாது. தடுக்கவும் வேண்டாம், அவசர நோயாளிக்கும் ஒரே நாளில் போய் வரவேண்டியவருக்கும் சிறு விமானம் தேவை. ஆனால் ஐந்நூறு பேர் இருந்து போகும் ஒரு ரயிலுக்கு ஈடுகொடுக்க 70 இருக்கை விமானம் ஏழெட்டுத் தடவை பறக்க வேண்டும். தைப்பொங்கலுக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் ஊருக்குப் போகும் கூட்டத்தை விமானம் கொண்டுபோகாது. இரவு அஞ்சல் ரயிலில் படுக்கைப் பெட்டி இரண்டைக் கூட்டினால், தூக்கத்தில் போகும் நேரம் எவருக்கும் நட்டமில்லை.

எனவே வடக்கு, கிழக்குப் பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டிய முதல் விடயம் பொல்காவலை - மாகோ இரட்டைப் பாதை. அதுவரை ரயில்வே திணைக்களம் ஒன்றை உடனே செய்யலாம். ஒவ்வொரு ரயிலும் வந்த நேரம், விட்ட நேரம் எல்லா நிலையப் பதிவேட்டிலும் அன்றாடம் எழுதப்படுகிறது. வடக்கு ரயில்கள் எந்த நிலையத்தில் எத்தனை நிமிடம் கடப்புக்காக நின்றன என்பதை அந்தப் பதிவேட்டிலிருந்து எடுத்து மாதம் ஒருமுறை வெளியிடட்டும். உங்கள் பத்திரிகையும் அதைக் கேட்டு வாங்கிப் பிரசுரிக்க வேண்டும்.

இங்ஙனம்,
போக்குவரத்துப் பொறியியல் துறை வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.