ஜோடி ஃபாஸ்டரும் அம்மா கொடுத்தனுப்பிய இரண்டு சேலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் ஹாலிவுட் நடிகை ஜோடி ஃபாஸ்டர் பற்றி வந்த கட்டுரையையும், அதற்குக் கீழே போட்டிருந்த வாசகர் கருத்துகளையும் படித்தேன். அவருடைய நடிப்பைப் பற்றி எழுதியிருந்ததெல்லாம் சரி. ஆனால் ஒருவர், அவர் தன்பாலீர்ப்பு கொண்டவர் என்பதை இத்தனை வருடம் வெளியில் சொல்லாமல் தன்னைப் போன்றவர்களுக்குத் துரோகம் செய்துவிட்டார் என்று எழுதியிருக்கிறார். அந்தச் சொல் இரண்டு நாளாக மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. நான் ஜோடி ஃபாஸ்டரின் ரசிகை. அந்த வாசகர் சொல்லும் 'தன்னைப் போன்றவர்களில்' நானும் ஒருத்தி.

எனக்கு வயது 52. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். செல்லூரில் வாடகை வீட்டில் 22 வருடமாக என் தோழியோடு வாழ்கிறேன். தெருவில் எங்களைப் பெரியம்மா மகள், சித்தி மகள் என்று நினைத்திருக்கிறார்கள். நாங்கள் அப்படிச் சொன்னதில்லை, மறுத்ததும் இல்லை.

ஜோடி ஃபாஸ்டரை நான் முதலில் பார்த்தது வாடகை வீடியோ கேசட்டில், 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' படத்தில். 1991-இல் வந்த படம். நான் பார்த்தது அதற்குச் சில வருடம் கழித்து. கொலைகாரனைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதில் மறக்காதது தொடக்கத்தில் வரும் லிப்ட் காட்சி. எப்.பி.ஐ. பயிற்சிக் கூடத்தில் சிவப்புச் சட்டை போட்ட நெடுநெடுவென்ற ஆண்களுக்கு நடுவில், அவர்கள் தோளுக்குக்கூட எட்டாமல், அந்தப் பெண் நிற்பார். ஒரு வசனமும் கிடையாது. கணக்கறையில் பத்து ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண்ணாக நான் வேலைக்குச் சேர்ந்த நாள் எனக்கு அந்த லிப்ட்தான் ஞாபகம் வந்தது.

அப்புறம் கேபிளில் 'கான்டாக்ட்'. 1997-இல் வந்தது. வானத்திலிருந்து வரும் ஒலியைக் கேட்டுக்கொண்டே இருக்கும் விஞ்ஞானியாக நடித்திருப்பார். கடைசியில் விசாரணைக் குழுவின் முன்னால் உட்கார வைத்து, நீ போய்வந்ததாகச் சொல்லும் பயணத்துக்கு என்ன சாட்சி என்று கேட்பார்கள். கையில் ஒரு சாட்சியும் இருக்காது. ஆனாலும் எனக்கு நடந்தது நடந்ததுதான் என்று கலங்கிய கண்ணோடு சொல்வார். அந்தக் காட்சியை நானும் தோழியும் எத்தனை முறை பார்த்திருப்போம் என்று கணக்கில்லை. காரணத்தை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை.

துரோகம் என்று எழுதியவருக்கு ஒரு தேதியை ஞாபகப்படுத்த வேண்டும். 1981 மார்ச் 30. அன்று வாஷிங்டனில் ஜனாதிபதி ரீகனை ஒருவன் சுட்டான். எதற்காக? ஜோடி ஃபாஸ்டரின் கவனத்தைத் தன் பக்கம் திருப்புவதற்காக. 12 வயதில் அவர் நடித்த 'டாக்ஸி டிரைவர்' படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, அவர் படித்த யேல் பல்கலைக்கழகம் வரை போய்க் கடிதங்கள் கொடுத்து, தொலைபேசியில் தொல்லை செய்தவன் அவன். அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு வயது 18. படிக்கப் போன இடத்தில் பத்திரிகைக்காரர்களும் காவலர்களும் சூழ்ந்துகொண்டார்கள். மூன்று வயதில் விளம்பரப் படத்தில் தொடங்கி, வளர்ந்ததெல்லாம் கேமரா முன்னால். அப்படி வளர்ந்த ஒருவர், என் வீட்டுக்கதவை நான் சாத்திக்கொள்கிறேன் என்று சொன்னால் அதற்குப் பெயரா துரோகம்?

அவர் புகழின் உச்சியில் இருந்த அந்த நேரத்தில்தான், 1991-இல், அவர் முகத்தை அச்சடித்து, இவர் இப்படிப்பட்டவர் என்று நியூயார்க்கில் போஸ்டர் ஒட்டினார்கள். ஒட்டியவர்கள் எதிரிகள் இல்லை, அதே சமூகத்தைச் சேர்ந்தவர்கள். எய்ட்ஸ் நோயால் நண்பர்களைக் கொத்துக்கொத்தாக இழந்துகொண்டிருந்தவர்கள். அவர்கள் கோபத்தின் வேர் எனக்குப் புரிகிறது. 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' படத்தில் கொலைகாரனைச் சித்திரித்த விதத்துக்காக 1992 ஆஸ்கர் விழா அரங்கத்துக்கு வெளியே போராட்டமும் நடத்தினார்கள், அதுவும் நியாயம். ஆனால் படத்தை எதிர்ப்பது வேறு. ஒரு மனுஷியின் வாழ்க்கையை அவள் வாயிலிருந்து பிடுங்கிச் சுவரில் ஒட்டுவது வேறு.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1998-இல் வேறொரு கடையில் வேலை பார்த்தேன். தோழி எனக்கு எழுதிய கடிதத்தைச் சாப்பாட்டுப் பையில் வைத்திருந்தேன். கூட வேலை பார்த்த பெண் அதை எடுத்துப் படித்துவிட்டாள். எனக்கு நல்லது செய்வதாக நினைத்து என் அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்று சாயங்காலம் மேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில், கூடத்தில் பெரியப்பா, மாமா, அண்ணன் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அண்ணன் அந்தக் கடிதத்தைச் சத்தமாக வாசித்தார். அடி வாங்கியதுகூட மறந்துவிட்டது. அந்தக் கடிதத்தில் தோழி எனக்கு வைத்த ஒரு செல்லப்பெயர் இருந்தது. அதை அண்ணன் குரலில் கேட்டது இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெயரால் அவள் என்னைக் கூப்பிட்டதே இல்லை. நானும் கேட்கவில்லை. எனக்கென்று இருந்த ஒன்றை அந்தக் கூடத்திலேயே விட்டுவிட்டு வந்தேன்.

மூன்று வருடம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு பொங்கலுக்கு அம்மா ஆள் மூலமாக ஒரு மஞ்சள் பை கொடுத்தனுப்பினார். பச்சரிசி, வெல்லம், முருங்கைக்காய். அடியில் சுங்குடிச் சேலை இரண்டு. ஒன்று அரக்கு, ஒன்று பச்சை. ஒரே விலை, ஒரே கரை. போன வருடம் அம்மா இறக்கும்வரை எல்லாப் பொங்கலுக்கும் இரண்டு சேலை வந்தது. அம்மா ஒரு வார்த்தை கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அம்மாவிடம் நான் எதையாவது மறைத்தேனா? இல்லை. அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அதற்கு மேல் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்று இருந்தோம்.

2013 ஜனவரியில் கோல்டன் குளோப் விழாவில் வாழ்நாள் சாதனை விருது வாங்கிய மேடையில் ஜோடி ஃபாஸ்டர் சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான். நம்பியவர்களிடமும் குடும்பத்திடமும் கூட வேலை செய்தவர்களிடமும் எப்போதோ சொல்லிவிட்டேன், இப்போது நடிகர்கள் எல்லோரும் பத்திரிகையாளர் கூட்டம் போட்டுச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள் என்றார். அப்போது நானே கோபப்பட்டேன், அதை ஒளிக்கவில்லை. எங்கள் பெயரை நேராகச் சொல்லாமல் சுற்றிச் சுற்றிப் பேசுகிறாரே என்று ராத்திரி சாப்பாட்டில் புலம்பினேன். தோழிதான், "விடுடி, யார்கிட்ட சொல்லணும்னு அவங்களுக்குத் தெரியாதா?" என்றாள். அடுத்த வருடம் அவர் தன் துணைவியைத் திருமணம் செய்துகொண்டார். 2023-இல் 'நயாட்' படத்தில் தன்பாலீர்ப்பு கொண்ட பெண்ணாக, ஒரு நீச்சல் வீராங்கனையின் பயிற்சியாளராக நடித்து ஆஸ்கர் பரிந்துரையும் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 61. அவருடைய நேரம் வந்தபோது அவரே வந்தார்.

எங்கள் வீட்டு மாடியில் மாதம் ஒருமுறை ஏழெட்டுப் பேர் கூடி ஒரு படம் பார்ப்போம். அதில் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி வருவான். இந்தப் பேச்சு வந்தபோது அவன் கண் சிவந்துவிட்டது. "அவங்க முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பதினாறு வயசுல நான் அவ்வளவு தனியா இருந்திருக்க மாட்டேன்க்கா" என்றான். அவனுக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தனிமை எனக்கும் தெரியும். எங்களைப் போல ஒரு முகம் எங்காவது தெரியாதா என்று திரையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள்தான் நானும்.

சொல்லாமல் இருப்பதற்கு விலை இல்லை என்றும் நான் வாதாடவில்லை. 2019-இல் தோழிக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரி படிவத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற இடத்தில் அக்கா என்று எழுதினேன். இனிஷியல் ஏன் வேறாக இருக்கிறது என்று கேட்டார்கள். பதினைந்து வருடமாக அவளோடு பேசாத அவள் தம்பியை வரவழைத்து, அவர் வந்து கையெழுத்துப் போடும்வரை நான்கு மணி நேரம் அவளை வராண்டாவில் ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மாதமும் அவளுக்கு வலி வரும் நாளைத் தேதியோடு அறிந்தவள் நான். என் கையெழுத்து செல்லவில்லை.

ஆனால் அந்த நான்கு மணி நேரத்துக்கு ஜோடி ஃபாஸ்டர் பொறுப்பில்லை. எந்தத் தமிழ் நடிகையும் பொறுப்பில்லை. நாம் கேட்க வேண்டிய இடம் கோர்ட்டும் ஆஸ்பத்திரியும் போலீஸ் ஸ்டேஷனும் சட்டசபையும். அங்கே கேட்டவர்கள் இருக்கிறார்கள். 2021-இல் நம் மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு இளம்பெண்கள் உயர்நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இதில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, ஜூன் 7 அன்று உத்தரவு போட்டார். இப்படிப்பட்டவர்களை மருத்துவத்தால் 'மாற்ற' முயல்வதையும் தடை செய்யச் சொன்னார். 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் எங்களுக்குத் திருமண உரிமை தரவில்லை. அது பெரிய அடி. ஆனால் 2025 மே மாதம் நம் உயர்நீதிமன்றமே, குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டும்தான் வழி என்றில்லை, தாமாகத் தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று சொல்லியது. அந்தச் செய்தியை வெட்டி, தோழியின் மருத்துவ ஃபைலில் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் ஒவ்வொருவருக்கும் அடிப்படை உரிமை என்றார்கள். ஒருவருக்கு யார் மீது ஈர்ப்பு என்பதும் அதில் அடக்கம் என்றார்கள். எங்களைப் போன்றவர்களின் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் சட்டப் பிரிவின் பிடி 2018-இல் தளர்ந்ததற்கு அந்தத் தீர்ப்பும் ஒரு படி. எங்களுக்கு விடுதலை தந்த அதே உரிமையைத்தான் ஒரு நடிகையிடமிருந்து பறிக்கப் பார்க்கிறோம்.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்றால், அதே ஞாயிறு இணைப்பின் கடைசிப் பக்கத்தில் கிசுகிசுப் பகுதி இருக்கிறது. 'மூன்றெழுத்து நாயகி, எப்போதும் நிழலாக ஒரு தோழி, கல்யாணப் பேச்சை எடுத்தாலே எரிச்சல்' என்று ஒரு துணுக்கு. யார் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். எங்கள் கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதை வாசித்து அரைமணி நேரம் சிரித்தார்கள். நானும் அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தேன். சோறு இறங்கவில்லை. அண்ணன் கடிதத்தை வாசித்த கூடத்துக்கு மறுபடியும் போய்விட்டேன். அந்த நடிகை அப்படியா, இல்லையா, எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அவர் படங்களை முதல் வாரமே டிக்கெட் எடுத்துப் பார்க்கிறேன், இனியும் பார்ப்பேன்.

அந்தத் துணுக்குகளை நிறுத்துங்கள். இதுதான் என் வேண்டுகோள். நடிகைகளைப் பற்றி எழுத அவர்கள் நடித்த படங்கள் இருக்கின்றன.

இந்தக் கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். பெயரும் முகவரியும் தனித்தாளில் வைத்திருக்கிறேன், நீங்கள் சரிபார்த்துக்கொள்வதற்கு மட்டும். ஊர்ப்பெயர் போடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செல்லூர், மதுரை.