குளச்சல் படத்தில் கடல் எங்கே, மகளே?

அன்புள்ள மகளுக்கு,

நீ வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைத் தக்கலையில் ஒரு கடையில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வாங்கி வந்தேன். சாயங்காலம் முழுக்க நானும் அம்மாவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாத்தூர் தொட்டிப்பாலம் அருமை. 115 அடி உயரத்துத் தூண்களுக்குக் கீழே, பறளியாற்றில் துணி துவைக்கிற பெண்ணைச் சின்னதாய் வைத்தாயே, அவளால்தான் பாலத்தின் உயரம் தெரிகிறது. பத்மநாபபுரம் அரண்மனைத் தரையும் அப்படியே வந்திருக்கிறது. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த தரை அது. வெறும் கறுப்பைப் பூசிவிடாமல், ஜன்னல் அழிகளின் வெளிச்சம் அதில் விழுந்து கிடப்பதை வரைந்திருக்கிறாய். "கால் வச்சா வழுக்கும் போல இருக்கு" என்றாள் அம்மா.

குளச்சல் சண்டை மட்டும் எனக்குப் போதவில்லை. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா முன்னால் டச்சுப் படைத் தளபதி டிலனாய் சரணடைகிற காட்சியை, அரண்மனையில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறாய். கை நன்றாக ஓடியிருக்கிறது. ஆனால் கடலைக் காணோமே! ராஜாவும் டச்சுக்காரர்களும் மட்டும்தானா 1741-இல் அந்தக் கரையில் நின்றார்கள்? பனந்தடிகளை மாட்டுவண்டியில் ஏற்றிப் பீரங்கி மாதிரிக் கடலைப் பார்த்து நிறுத்தினார்கள் என்று நம் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்களே, அதை வரையேன். வண்டி இழுத்த மாடு, தடி சுமந்த தோள், பக்கத்தில் கட்டுமரத்தோடு நிற்கிற மீன்காரர்கள். அவர்கள் முகத்தை எந்தச் சுவரிலும் யாரும் மாட்டி வைக்கவில்லை. உன் கையாலாவது அவர்களுக்கு ஒரு முகம் வரட்டும் என்று ஆசையாக இருக்கிறது.

அப்புறம், டிலனாயை அந்தச் சரணாகதியோடு விட்டுவிடாதே. தோற்றுப் பிடிபட்டவர், பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்து, 1777-இல் இங்கேயே இறந்தார். உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிற அவர் கல்லறையில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறது. எனக்கென்னவோ, சரணடைந்த காட்சியை விட அந்தக் கல்லில்தான் அவர் வாழ்க்கை அதிகம் தெரிகிறது. போட்டோ எடுத்து அனுப்பலாம்தான். ஆனால் நீயே பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து வரைவதுதான் சரி.

லீவு கிடைத்ததும் வா. திங்கட்கிழமை அரண்மனை கிடையாது, அதைப் பார்த்து டிக்கெட் போடு. தடித்த பேப்பரை அங்கிருந்தே வாங்கி வந்துவிடு.

அன்புடன்,
அப்பா