கூரை போட்ட பாலம்

கார்னிஷ், நியூ ஹாம்ப்ஷயர்
மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலம்தானே? போனில் பேசினால் உங்களுக்குப் பாதிதான் காதில் விழுகிறது. "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். இப்போது நான் சொல்லப்போவது மரவேலை. ஒரு வார்த்தைகூட விட்டுப்போகாமல் உங்களிடம் வந்து சேர வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படியுங்கள்.

பொங்கலுக்கு அப்புறம் நாங்கள் வீடு மாறியதை அம்மா சொல்லியிருப்பார். இது சின்ன கிராமம். வீட்டுக்குக் கீழே கனெக்டிகட் ஆறு ஓடுகிறது. அக்கரை வெர்மான்ட், வேறு மாநிலம். அங்கே வின்ட்சர் என்று ஒரு டவுன் இருக்கிறது. பால், காய்கறி, தபால் ஆபீஸ் எல்லாவற்றுக்கும் அக்கரைக்குத்தான் போக வேண்டும். போகிற பாலம் முழுக்க மரம், அப்பா. மேலே கூரை, இரண்டு பக்கமும் பலகைச் சுவர். ஒரு பெரிய கொட்டகையை நீளமாக இழுத்து ஆற்றின் மேல் வைத்த மாதிரி இருக்கும். ஏறக்குறைய 450 அடி நீளம். நடுவில் ஒரே ஒரு கல் தூண்தான். 1866இல் கட்டியது, இன்னமும் கார் போகிறது. நான் வாரத்துக்கு நாலு தடவை போய் வருகிறேன்.

முதல் நாள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நைட் டியூட்டி முடிந்த களைப்பில் நுழைந்தேன், இருட்டாக இருந்தது, பலகை தடதடவென்று சத்தம் போட்டது, வெளியே வந்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து நடந்து போனபோதுதான் உள்ளே நின்று பார்த்தேன். சுவர்ப் பலகைக்கு உள்பக்கம், கீழிருந்து மேல்வரை, மூங்கில் படல் கட்டியது போல மரங்கள் சாய்வாகப் போகின்றன. ஒரு வரிசை இப்படிச் சாய்கிறது, இன்னொரு வரிசை எதிர்ப்பக்கம் சாய்கிறது. பாலத்தின் பாரம் முழுவதையும் அந்தப் படல்தான் தாங்குகிறதாம். பலகைச் சுவர் மழைக்கு மறைப்பு, அவ்வளவுதான்.

இந்தப் படல் முறைக்கு 1820இல் காப்புரிமை வாங்கியவர் இதியல் டவுன் என்ற கட்டடக் கலைஞர். அதுவரை பாலம் என்றால் பெரிய பெரிய உத்திரம் வேண்டும், தேர்ந்த கை வேண்டும். இவர் முறைக்கு மர அறுவை மில்லில் கிடைக்கிற சாதாரணப் பலகை போதும். குறுக்கே வைத்து, துளை போட்டு, மர ஆணி அடித்தால் ஆயிற்று. ஊர் ஆசாரிகளே கட்டலாம். அவரது முறையில் கட்டினால் அடிக்கு ஒரு டாலர் அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று வைத்திருந்தாராம்.

எங்கள் பாலத்தைக் கட்டியவர்கள் இரண்டு பேர். பேலா ஃபிளெச்சர் பக்கத்து ஊர்க்காரர், ஜேம்ஸ் டாஸ்கர் இந்த ஊர்க்காரர். இவர்கள் மெல்லிய பலகைக்குப் பதிலாகச் சதுரக் கட்டைகளைப் போட்டிருக்கிறார்கள். இரண்டு கட்டை சந்திக்கிற இடத்தில் இரண்டிலும் பள்ளம் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றை உட்கார வைத்திருக்கிறார்கள். கை எட்டும் உயரத்தில் இருந்த ஒரு சந்திப்பில் என் நகத்தை நுழைத்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் நுழைந்தது, மற்ற மூன்று பக்கமும் நுழையவே இல்லை. மரம் கருத்துப்போய் நம் அரிவாள்மனைக் கட்டை மாதிரி வழவழப்பாக இருக்கிறது. அந்தப் பனியிலும் கையுறையைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் அதில் கையை வைத்திருந்தேன். உங்கள் ஞாபகம்தான் வந்தது.

கூரை எதற்கு என்று கேட்பீர்கள். பாதையில் பனி விழாமல் இருக்கத்தான் என்று நானும் நினைத்தேன். அது இல்லை. அந்தக் காலத்தில் பனி வந்துவிட்டால் சக்கர வண்டி ஓடாது, குதிரை இழுக்கும் சறுக்கு வண்டிதான். பாலத்துக்குள் பனி இல்லாமல் அந்த வண்டி எப்படி வழுக்கும்? ஆள் வைத்துப் பனியை அள்ளிக்கொண்டுவந்து பாலத்துக்குள் பரப்புவார்களாம்! கூரை போட்டதெல்லாம் மரத்துக்காகத்தான். மூட்டுகளில் தண்ணீர் இறங்கினால் பத்து இருபது வருஷத்தில் மக்கிவிடும், கூரை இருந்தால் நூறு வருஷத்தைத் தாண்டும். "மரம் நனைந்து காயலாம், நனைந்தே கிடக்கக் கூடாது" என்று கதவுக்கு எண்ணெய் பூசும்போதெல்லாம் சொல்வீர்களே, அதேதான்.

பாலத்தின் வாசலில் ஒரு பலகை இருக்கிறது. குதிரையை ஓட்டாமல் நடத்திக் கொண்டு போ, இல்லாவிட்டால் இரண்டு டாலர் அபராதம் என்று எழுதியிருக்கிறது. ஒரு தனியார் கம்பெனிதான் கட்டிச் சுங்கம் வாங்கிக்கொண்டிருந்தது. 1936இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் விலைக்கு வாங்கியது, 1943இல் சுங்கத்தை எடுத்தார்கள். கட்டும்போது ஆன செலவு 9,000 டாலர். 1980களின் கடைசியில் பாலம் தொய்ந்துவிட்டது, அடைத்துப் போட்டு வேலை பார்த்து 1989இல் திறந்தார்கள். அந்த ரிப்பேருக்கு மட்டும் நாற்பது லட்சம் டாலருக்கு மேல்! அந்தப் பணத்துக்குக் கான்கிரீட் பாலம் போட்டிருக்கலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்தான். ஆனால் மரப் பாலமே நிற்கிறது, அப்பா.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வுட்ஸ்டாக் என்ற ஊர் இருக்கிறது. அங்கே உள்ள மரப் பாலம் 1969இல்தான் கட்டியது. மில்டன் கிராட்டன் என்ற பால ஆசாரி பழைய முறையிலேயே மர ஆணி அடித்துக் கட்டி, காளைகளைப் பூட்டி இழுத்து ஆற்றின் மேல் நிறுத்தினாராம். அஞ்சு வருஷத்தில் யாரோ தீ வைத்துவிட்டார்கள். அவரே திரும்ப வந்து சரிசெய்து கொடுத்தார்.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் அக்கா பார்டன்ஸ்வில் என்ற ஊர். அவர் ஊரில் 1870இல் கட்டிய பாலம் ஒன்று இருந்தது. 2011 ஆகஸ்ட் 28ஆம் தேதி ஐரீன் புயல் வெள்ளத்தில் அது அப்படியே சரிந்து ஆற்றோடு போய்விட்டது. அதைச் சொல்லும்போது, இத்தனை வருஷம் கழித்தும், அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் ஒரு பெரியவர் போன மாதிரி இருந்தது என்றார். அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? அதே இடத்தில், அதே படல் முறையில், மரத்திலேயே திரும்பக் கட்டி 2013 ஜனவரியில் திறந்துவிட்டார்கள்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் காரைக்குடி வீடுதான் நினைவில் நிற்கிறது. நான் பிளஸ் டூ படித்த வருஷம், அந்தப் பெரிய வீட்டைப் பிரிக்க உங்களைக் கூப்பிட்டார்கள். பர்மாத் தேக்குத் தூண் ஒவ்வொன்றையும் கீறல் படாமல் கழற்றி லாரியில் ஏற்றிவிட்டு வந்தீர்கள். அன்றைக்கு நீங்கள் சாப்பிடவில்லை. "ஐயா கை வைத்த வேலை" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னீர்கள். எனக்கு அப்போது புரியவில்லை. கூலி குறைவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பாலத்தில் கையை வைத்தபோதுதான் புரிந்தது.

போன வாரம் தம்பி ஒன்று சொன்னான். பட்டறையைக் காலி செய்யப்போகிறீர்களாம், உளி, இழைப்புளி, கொட்டாப்புளி, ஐயாவின் பெரிய துறப்பணம் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடலாம் என்றீர்களாம். வேண்டாம் அப்பா. எல்லோரும் இரும்புக் கதவும் பிளாஸ்டிக் ஜன்னலும் கேட்கிறார்கள், வேலை வருவதில்லை, அது எனக்குத் தெரியும். வேலை இல்லாவிட்டால் இல்லாமல் போகட்டும். சாமான்கள் இருக்கட்டும். பட்டறை வாடகையை இந்த மாதத்திலிருந்து நான் அனுப்புகிறேன். தம்பியிடமும் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. பின்னால் இருக்கிற தாளில் அந்தச் சந்திப்பை வரைந்திருக்கிறேன், அளவுகளும் போட்டிருக்கிறேன். என் கோடு கோணலாக இருக்கும், நீங்கள் மூலைமட்டம் வைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். இரண்டு சாய்வுக் கட்டையும் சந்திக்கிற இடத்தில் பள்ளத்தை எந்தப் பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்கினார்கள் என்று எத்தனை தடவை பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. கொல்லையில் வேப்பங்கட்டை கிடக்குமே, அதில் ஒன்று வெட்டிப் பாருங்கள். தம்பி போட்டோ எடுத்து அனுப்பட்டும். உள்பக்கமும் தெரிகிற மாதிரி, கழற்றி வைத்து ஒன்று, மாட்டி வைத்து ஒன்று.

அம்மாவின் முழங்கால் வலிக்கு மருந்து வாங்கி வைத்திருக்கிறேன், தெரிந்தவர் ஊருக்கு வரும்போது கொடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்
உங்கள் மகள்