மாத்திரையோடு நடையும் வரட்டும்

ஆசிரியருக்கு,

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் குறித்த செய்தியைப் படித்தேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இத்திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் (பிசியோதெரபி) வீடு தேடி வருகிறது. பேசப்படுவதென்னவோ மாத்திரைதான். இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய என் அம்மா, வாக்கரைப் பிடித்துக் கூடம் வரை வந்துவிடுவார். கழிப்பறையின் நாலு விரல் உயர வாசற்படியைத்தான் தாண்ட முடியவில்லை. இயன்முறை சிகிச்சையாளர் அந்தப் படியிலேயே நிறுத்தி, எந்தக் காலை முதலில் வைப்பது என்று பழக்கினார். பயிற்சி தொடங்கிய மூன்றாவது வாரம் அம்மா தனியாகப் போய்வந்தார். அப்புறம் எங்களைக் கூப்பிடவே இல்லை.

ஆனால், இந்தச் சிகிச்சை கிடைப்பதற்கு முன் நாங்களாக விசாரித்து அலைந்ததில் ஒரு மாதம் வீணானது. டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும்போதே பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் போய், முதல் ஆறு வாரங்களுக்கான வருகை நாள்களும் அதிலேயே குறிக்கப்பட வேண்டும்.

- ஒரு வாசகர், திண்டுக்கல்