விஜயந்தாவுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ளவர்களே, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைசிப் பூச்சு காய்ந்தது. பதினேழு மாதமாக எங்கள் முன்னறையைப் பிடித்துக்கொண்டிருந்த விஜயந்தா டாங்கி மாடல் முடிந்துவிட்டது. அசலில் பதினாறில் ஒரு பங்கு. பீரங்கிக் குழலோடு சேர்த்து 61 சென்டிமீட்டர் நீளம், கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர் அகலம். பார்க்க வருகிறவர்கள் "எல்லாம் நீயே பண்ணினதா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அப்பா ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் எச்.வி.எஃப்.பில், வேலை பார்த்தவர். இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு 1961இல் ஒப்பந்தம் போட்டு, 1965இல் முதல் விஜயந்தா ஆவடியிலிருந்து வெளியே வந்தது. 1983 வரை அங்கே இந்த வண்டிதான். காலைச் சங்கு ஊதுவதற்குள் சைக்கிளை மிதித்துக்கொண்டு அப்பா போவது நினைவிருக்கிறது. உள்ளே என்ன செய்தார் என்று வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவர் கை பட்ட வண்டியை ஒரு தடவையாவது முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். இந்த அளவில் கிட் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் தகடு, அலுமினியம், ரெசின், எம்-சீல் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டினேன்.

முதல் நன்றி, அப்பாவோடு வேலை பார்த்த வெல்டர் மாமாவுக்கு.

மாமா, டரட்டை, அதாவது பீரங்கி பொருத்திய சுழலும் மேல்பாகத்தை, முடித்துவிட்டேன் என்று பெருமையோடு உங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்த அன்றைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். புட்டியைக் கரைத்து, முரட்டுத் தூரிகையால் குத்திக் குத்தி, வார்ப்பு இரும்பு மாதிரி சொரசொரப்பு கொண்டு வந்திருந்தேன். டாங்கி மாடல் செய்கிறவர்கள் வழக்கமாகச் செய்கிற வேலைதான் அது. நீங்கள் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிவிட்டு, "இது எதுக்குத் தம்பி?" என்றீர்கள். வார்ப்பு என்றேன். "செஞ்சுரியன் டாங்கிக்குத்தான் வார்ப்பு டரட். நம்ம வண்டி தகடு தகடா வெட்டி வெல்ட் வச்சது. நான் வச்சேன்" என்றீர்கள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

மூன்று சாயங்காலம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எல்லாவற்றையும் எடுத்தேன். அப்புறம் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்காதது. தடித்த தகட்டை ஒரே ஓட்டத்தில் ஒட்ட முடியாது, விளிம்பைச் சரித்து வெட்டி, அடுக்கு மேல் அடுக்காக நிரப்ப வேண்டும், ஒவ்வொரு அடுக்குக்கும் கசடைத் தட்டி எடுக்க வேண்டும், வெளியே தெரிவது கடைசி அடுக்கு மட்டும் என்றீர்கள். எம்-சீலை நூல் மாதிரி உருட்டி மூலையில் வைத்து, மழுங்கிய பிளேடால் அலை அலையாக அழுத்தினேன். "இவ்வளவு சீரா இருக்காது, ஆள் கை மாத்துற இடத்துல கொஞ்சம் தடிக்கும்" என்று நீங்கள் சொன்ன பிறகு இரண்டு இடத்தில் வேண்டுமென்றே தடிக்க விட்டேன். டரட்டின் பின்பக்கம் இடது மூலையில் உள்ள அந்தத் தடிப்பை நீங்களே அழுத்தினீர்கள். அதன்மேல் பெயிண்ட்டை மெல்லிசாகத்தான் விட்டிருக்கிறேன்.

குழலுக்குப் பக்கத்தில் ஒரு துளை குறைகிறது என்று கண்டுபிடித்ததும் நீங்கள்தான். இந்த வண்டியில் 105 மில்லிமீட்டர் பீரங்கியோடு சேர்த்து ஒரு 12.7 மில்லிமீட்டர் இயந்திரத் துப்பாக்கியும் இருந்தது. தூரம் அளக்கத்தான் அது. பீரங்கி சுடுகிற கன்னர் முதலில் அதில் மூன்று குண்டு விடுவார். அது இலக்கில் விழுந்தால் தூரம் சரி, அப்புறம்தான் பெரிய குண்டு. வண்டியின் கண் போன்ற ஒரு பாகத்தை நான் அடைத்தே வைத்திருந்திருப்பேன்.

அந்தத் துளையைச் செய்ய உதவிய அக்காவுக்கு நன்றி. 12.7ஐ 16ஆல் வகுத்தால் 0.8 மில்லிமீட்டர் வரும். எந்தக் கடைக் குழாயும் ஒத்துவரவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸான அக்கா, "18ஆம் நம்பர் ஊசியோட ஓட்டை அவ்வளவுதாண்டா இருக்கும்" என்று புது ஊசிகள் வாங்கிக் கொடுத்தாள். அளந்தால் அச்சு அசலாக அதே அளவு. இதைவிடச் சின்ன 7.62 மில்லிமீட்டர் இயந்திரத் துப்பாக்கிக்கு 21ஆம் நம்பர் பொருந்தியது.

பீரங்கிக் குழலை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து கொடுத்தார்கள். 34 சென்டிமீட்டர் அலுமினியத் தண்டு, நுனிப்பக்கம் மெலிந்துகொண்டே போக வேண்டும், நடுவில் புகை உறிஞ்சியின் புடைப்பு வேண்டும். நீளமான மெல்லிய தண்டு கடையும்போது அதிரும் என்று இரண்டு தண்டை ஒதுக்கிவிட்டு மூன்றாவதில் சரியாகக் கொண்டுவந்தார் அந்த அண்ணன். உணவு இடைவேளையில் செய்தார், கூலி வாங்கவில்லை. அந்தப் புடைப்பு எதற்கு என்று கேட்டார். குண்டு வெளியேறும்போது கொஞ்சம் வாயு அதற்குள் அடைபடும், பிறகு அது முன்பக்கமாகச் சீறும்போது குழலில் மிச்சமிருக்கும் புகையையும் இழுத்துக்கொண்டு போகும், உள்ளே இருக்கிற நாலு பேருக்கும் மூச்சு முட்டாது என்றேன். அதைக் கேட்டுவிட்டு அந்த இடத்தை இன்னொரு தடவை மெருகேற்றிக் கொடுத்தார்.

சக்கரங்களுக்கு எங்கள் தெரு பத்தர் ஐயா. பக்கத்துக்கு ஆறு ஜோடி, மொத்தம் 24 சக்கரம். ரெசினில் வார்க்கலாம் என்று ஒரு கடையில் வாங்கினேன். கண்ணளவில் கலந்தால் போதும் என்றார்கள். மூன்று நாள் ஆகியும் பிசுபிசுவென்றே இருந்தது. ஐயா தன் நகைத் தராசைக் கொடுத்து, எடை பார்த்துக் கலக்கச் சொன்னார். அச்சைப் பார்த்துவிட்டு, "காத்து வெளிய போக வழி வச்சியா?" என்று கேட்டார். தங்கம் வார்க்கிறவருக்கு அது முதல் கேள்வி. காற்றுக்கு இரண்டு வாய்க்கால் வெட்டி, உயரத்திலிருந்து நூலாக ஊற்றினேன். குமிழி நின்றது.

மகாராஷ்டிராவில், இப்போது அகில்யாநகர் என்று பெயர் மாறிய அகமதுநகரில் இருக்கும் குதிரைப்படை டாங்கி அருங்காட்சியகத்துக்கு ஒரு தடவை போய்வந்தேன். சர்ச்சில், வாலன்டைன், பாட்டன் என்று பல நாட்டு வண்டிகளுக்கு நடுவில் நம்முடையதும் நிற்கிறது. அன்று பணியில் இருந்த ஹவில்தார் ஐயா வேலூர்ப் பக்கத்துக்காரர். நான் ஆவடி என்றதும் கூடவே நடந்து, வெயிலில் பச்சை எப்படி வெளுக்கும், கால் வைத்து ஏறும் இடத்தில் பெயிண்ட் எப்படித் தேயும் என்று காட்டினார். ஸ்பாஞ்சால் நான் வைத்த உராய்வுகள் எல்லாம் அவர் விரல் காட்டிய இடங்களில்தான் இருக்கின்றன, வேறு எங்கும் இல்லை.

பெயிண்ட் என்றதும் டிங்கர் ஷெட் அண்ணன். ஐப்பசி மழையில் அவசரப்பட்டு லேக்கர் பிரைமரை அடித்தேன். காலையில் பார்த்தால் உடல் முழுக்க வெள்ளை பூத்துக் கிடந்தது. உட்கார்ந்து அழாத குறைதான். அண்ணன் வந்து பார்த்தார். தின்னர் ஆவியாகும்போது சில்லென்று ஆகும், ஈரக்காற்று அதன்மேல் பனி மாதிரி படியும், அதுதான் வெள்ளை என்றார். "தை பொறக்கட்டும் தம்பி, வண்டி எங்கயும் ஓடிடாது." அவர் சொன்னபடி காத்திருந்தேன். தையில் தன் ஷெட்டின் ஒரு மூலையைத் துடைத்துக் கொடுத்து, கம்ப்ரசரையும் கொடுத்தார். ஒரு பூச்சுக்கும் அடுத்ததுக்கும் இடையே எவ்வளவு நேரம் விடுவது, கையை எங்கே நிறுத்தாமல் ஓட்டுவது, எல்லாம் கார் கதவில் அடித்துக் காட்டினார். அசல் பச்சையை அப்படியே அடித்தால் சின்ன உருவத்தில் கறுப்பாகத் தெரியும். கொஞ்சம் வெளிறிய மஞ்சள் கலந்து வெளிச்சமாக்கினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "இப்ப சரியா இருக்கு" என்று அவரே சொன்னார். எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அது.

டிராக் கண்ணிகளைக் கோத்துக் கொடுத்த எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கும், சாப்பாட்டு மேசையை விட்டுக்கொடுத்த என் மனைவிக்கும் நன்றி.

அசல் வண்டி 39 டன். முழுக்க இரும்பிலேயே இந்த அளவுக்குச் சுருக்கினால் ஒன்பதரைக் கிலோ வரும். என்னுடையது நாலே கால் கிலோ. வீட்டுத் தராசில் நேற்றுதான் நிறுத்தேன்.

வெல்டர் மாமாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி இன்னும் இரண்டு வாரத்தில் கட்டுப் பிரிக்கிறார்கள். முடிந்த வண்டியை அவர் இன்னும் பார்க்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அவர் வீட்டில் வைக்கிறேன். பெயர் சொன்னவர்களும் நான் விட்டுவிட்டவர்களும் கட்டாயம் வாருங்கள். டரட்டின் பின்மூலையை மட்டும் யாரும் அவருக்கு முன்னால் தொட வேண்டாம்.

நன்றியுடன்,
எச்.வி.எஃப். குவார்ட்டர்ஸில் வளர்ந்த உங்கள் தம்பி
ஆவடி