தானியங்கி விற்பனை இயந்திரம்: வாங்கும் முன் கற்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தானியங்கி விற்பனை இயந்திரம் ஒன்றை வாங்கி நல்ல இடத்தில் நிறுத்திவிட்டால், உரிமையாளர் உறங்கும்போதும் வருமானம் வந்துகொண்டே இருக்கும் என்று தங்கள் இதழில் அண்மையில் வெளியான சிறுதொழில் கட்டுரையில் படித்தேன். மொரீஷியஸில் ரோஸ் ஹில், எபேன், போர்ட் லூயிஸ் ஆகிய இடங்களில் பதினோரு ஆண்டுகளாக ஆறு இயந்திரங்களை நடத்திவரும் எனக்கு அந்த வரியைக் கண்டதும் சிரிப்பு வந்தது. அதை நம்பி ஓய்வூதியப் பணத்தைப் போடத் துணியும் வாசகர்களை எண்ணியபோது அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. இயந்திரம் தானே விற்கும் என்பது மெய்தான். ஆனால் அது தானே நிரம்பாது, தன்னைத் துடைத்துக்கொள்ளாது, கணக்கும் எழுதாது. தச்சு, தையல் போல இதையும் ஒரு கைத்தொழிலாகக் கருதி, இடம் தேடுவதற்கு முன்பே கற்க வேண்டும் என்பதே நான் சொல்ல விரும்புவது.

நான் அப்படிக் கற்காமல் இறங்கியவன். ஐரோப்பாவிலிருந்து வந்த பழைய இயந்திரம் ஒன்றை, செருகினால் போதும், ஓடும் என்ற விற்பனையாளரின் சொல்லை நம்பி வாங்கி, ஓர் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் நிறுத்தினேன். போட்ட நாணயங்களையெல்லாம் அது மறுநொடியே கீழே தள்ளிவிட்டது. நாணயத்தை வாங்கிச் சோதித்து மிச்சம் தரும் பகுதியை எங்கள் தொழிலில் சேஞ்சர் என்போம். அதற்குள் இருக்கும் உணரிகள் நாணயத்தின் விட்டம், தடிமன், உலோகம் ஆகியவற்றை அளந்து, தன் நினைவில் உள்ள அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும். என் சேஞ்சரின் நினைவில் இருந்தவை யூரோ நாணயங்கள் மட்டுமே. ஏழு பக்கம் கொண்ட நமது பத்து ரூபாயையும், 2007ஆம் ஆண்டு வெளிவந்த இரு உலோக இருபது ரூபாயையும் அதற்குக் கற்பித்துத் தரும் ஆளைத் தேடிப் பிடிப்பதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. அந்த ஒரு மாதமும் அலுவலக ஊழியர்கள் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை.

தாள்களின் கதையும் இதுவே. 1998இல் புதிய ரூபாய்த் தாள்களில் இந்திக்குக் கீழே தமிழ் இறக்கப்பட்டதை நம் சமூகம் எதிர்த்ததும், அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டு வேறு தாள்கள் அச்சிடப்பட்டதும் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். தாளைச் சோதிக்கும் கருவிக்குத் தமிழும் தெரியாது, இந்தியும் தெரியாது. ஒளியைப் பாய்ச்சி அச்சின் அமைப்பைத்தான் அது பார்க்கிறது. ஆகவே அச்சு மாறினாலும், 2013இல் 25, 50, 500 ரூபாய்த் தாள்கள் பாலிமர் என்னும் நெகிழிக்கு மாறியதுபோல் தாளின் மூலப்பொருள் மாறினாலும், கருவியின் தரவைப் புதுப்பித்தாக வேண்டும். விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி விலையைப் பற்றியதன்று. இந்நாட்டு நாணயங்களையும் தாள்களையும் இந்தக் கருவிகள் இன்றே வாங்குமா என்பதுதான். நாணயங்களைச் சட்டைப் பையில் கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்கவும் வெட்கப்பட வேண்டாம்.

சேஞ்சருக்குள் நிற்கும் குழாய்களில் மிச்சம் தருவதற்கான சில்லறை அடுக்கப்பட்டிருக்கும். குழாய் நிறைந்தபின் வரும் நாணயங்கள் பணப்பெட்டியில் விழும். நான் குளிர்பானப் புட்டியை 45 ரூபாய்க்கு விற்ற காலத்தில், ஐம்பது ரூபாய்த் தாளைப் போடும் ஒவ்வொருவருக்கும் ஓர் ஐந்து ரூபாயைத் தர வேண்டியிருந்ததால், நண்பகலுக்குள் அந்தக் குழாய் காலியாகிவிடும். அதன்பின் இயந்திரம் தாள்களை வாங்க மறுத்து, சரியான சில்லறை போடுமாறு கேட்கும். இங்கே சில்லறைக்கு லமொனே என்று பெயர். கையில் லமொனே இல்லாதவர் தாளோடு திரும்பிப் போய்விடுவார். விலையை 50 ஆக்கி, சிறு பொட்டலங்களை இரண்டு இருபது ரூபாய் நாணயங்களுக்கு ஏற்றபடி 40 ஆக்கியதும் அந்தத் தொல்லை பெரிதும் குறைந்தது. விலை வைப்பது சில்லறையின் கணக்கும்கூட என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இடம் பார்ப்பதில் நம்மவர் செய்யும் பிழை, கூட்டத்தைக் கண்டு மயங்குவது. ரோஸ் ஹில் பேருந்து நிலையத்தில் நாள் முழுவதும் கூட்டம்தான். ஆனால் பக்கத்திலேயே சூடான டால் பூரியும் காத்தோ பிமாங் என்னும் மிளகாய் வடையும் கிடைக்கும்போது பொட்டல வறுவலை வாங்க யார் வருவார்? தெருவோர வியாபாரி வீட்டுக்குப் போனபின்னும் மனிதர்கள் விழித்திருக்கும் இடமே இயந்திரத்துக்கு ஏற்ற இடம். எபேனில் வெளிநாட்டு நேரத்துக்கு வேலை செய்யும் அலுவலகங்கள், இரவு முறை உள்ள ஆலைகள், மருத்துவமனையில் உறவினர் காத்திருக்கும் கூடங்கள் என இவற்றை இரவு பத்து மணிக்கு நேரில் போய்ப் பார்த்து, எத்தனை பேர் வெளியே வந்து எதைத் தேடுகிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணிய பிறகே இடத்தின் பொறுப்பாளரிடம் பேச வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் நிறுத்துவது கூடாது; மின்கட்டணம் யாருடையது, பங்கு எவ்வளவு, பழுதானால் எத்தனை மணி நேரத்துக்குள் வருவோம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

35 ரூபாய்க்கு வாங்கிய புட்டியை 50க்கு விற்றால் 15 ரூபாய் மிஞ்சுகிறது. இடத்துக்காரருக்கு விற்பனையில் பத்து விழுக்காடு என்றால் 5 ரூபாய் போய், கையில் நிற்பது 10. பெட்ரோலும் பழுதும் இதற்குள்தான். ஒரு புட்டி காலாவதியாகி வீணானால், மூன்று புட்டிகளின் லாபம்கூட அந்த இழப்பை ஈடுகட்டாது. அதனால்தான் பழைய சரக்கை முன்னும் புதியதைப் பின்னும் அடுக்குவதையும், இயந்திரம் காட்டும் விற்பனைக் கணக்கைக் கையில் வரும் பணத்தோடு ஒவ்வொரு முறையும் ஒப்பிடுவதையும் நான் அலுக்காமல் செய்கிறேன். பொட்டலத்தை முன்னே தள்ளும் சுருள் கம்பியை அதன் பருமனுக்கு ஏற்றபடி பொருத்தத் தெரியாவிட்டால், பொட்டலம் பாதியில் தொங்கி நின்று வாடிக்கையாளர் இயந்திரத்தை உதைப்பார், அவர்மேல் குற்றமில்லை.

குளிரூட்டும் பகுதி தனிப் பாடம். இங்குள்ள மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸில் ஓடும் அமெரிக்க இயந்திரத்தை மலிவு என்று இறக்கினால் செலவு இரட்டிக்கும். வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரில் படியும் தூசியை மாதந்தோறும் தூரிகையால் நீக்குவதும், இயந்திரத்துக்கும் சுவருக்கும் இடையே காற்றோட்டம் விடுவதும், படுக்கவைத்துக் கொண்டுவந்த இயந்திரத்தை நிமிர்த்திப் பல மணி நேரம் கழித்தே இயக்குவதும் எவரும் கற்கக்கூடியவை. வாயு நிரப்புவதைப் பயிற்சி பெற்றவரிடமே விட வேண்டும். 2024 ஜனவரியில் பெலால் சூறாவளி வந்தபோது போர்ட் லூயிஸ் வீதிகளில் வெள்ளம் பாய்ந்தது. குளிரூட்டும் வாயுவை அழுத்தி ஓட்டும் கம்ப்ரஸர் அடிப்பகுதியில்தான் இருக்கிறது என்பதை அன்று என் இயந்திரங்களில் ஒன்றை இழந்து அறிந்தேன். இப்போது தரைத்தளத்தில் உள்ளவை எல்லாம் மேடைமீது நிற்கின்றன. சூறாவளி எச்சரிக்கை முதல் நிலையில் இருக்கும்போதே கெட்டுப்போகும் உணவை எடுத்துவிடுகிறேன்.

சட்டத்தையும் மறக்கலாகாது. 2021 ஜனவரி 15 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கோப்பைகளுக்கும் கலக்கிகளுக்கும் தடை இருப்பதால், காப்பி இயந்திரம் வைப்போர் மக்கும் கோப்பைகளின் விலையைச் சேர்த்தே கணக்கிட வேண்டும். கல்வி நிலையங்களில் எவ்வகை உணவு விற்கலாம் என்பதற்கு 2009 முதலே விதிகள் உள்ளன. பள்ளி வளாகத்தில் சோடா இயந்திரம் என்ற கனவை அவை தொடக்கத்திலேயே கலைத்துவிடும்.

ஆதலால், குளிர்சாதனப் பணியில் அரசுத் தொழிற்பயிற்சி நிறுவனமான எம்.ஐ.டி.டி. நடத்தும் பயிற்சியையும், இத்தொழிலில் உள்ள ஒருவரோடு சில மாதம் சுற்றி வருவதையும் முதலீட்டுக்கு முந்திய செலவாக எண்ணுமாறு வாசகர்களுக்குப் பரிந்துரைக்கிறேன். இயந்திரங்களின் பாகங்களையும் பராமரிப்பையும் தமிழில் விளக்கும் தொடர் ஒன்றைத் தாங்கள் வெளியிட்டால், படங்களும் குறிப்புகளும் தர அணியமாக இருக்கிறேன். முதல் நாள் நாணயங்களைத் துப்பிய அந்தப் பழைய இயந்திரம் இன்று என் வீட்டுத் தாழ்வாரத்தில் கதவு திறந்து நிற்கிறது. கற்க விரும்பும் இளைஞர்கள் இதழின் அலுவலகத்தின் வழியாகத் தொடர்பு கொண்டால், சனிக்கிழமை பிற்பகல்களில் வந்து அதைக் கழற்றி மாட்டிப் பார்க்கலாம். திருப்புளியை மட்டும் அவர்களே கொண்டுவர வேண்டும், என்னுடையவை இரண்டு முறை காணாமல் போய்விட்டன.

இங்ஙனம்,
தங்கள் வாசகர் ஒருவர்,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்