பெயர்ப் பட்டியலை வெட்ட வேண்டாம்

ஆசிரியருக்கு,

குணச்சித்திர நடிகர் டெல்லி கணேஷ் 2024 நவம்பரில் மறைந்ததையொட்டித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 1964 முதல் பத்தாண்டுகள் விமானப் படை, டெல்லியில் தட்சிண பாரத நாடக சபா மேடை, கே. பாலசந்தரின் 'பட்டினப்பிரவேசம்', பிறகு 400-க்கும் மேற்பட்ட படங்கள், தொலைக்காட்சித் தொடர்கள் என நீண்ட உழைப்பு அவருடையது. இத்தகைய நடிகர்களின் முகம் பதிந்த அளவுக்குப் பெயர் மக்கள் மனத்தில் பதிவதில்லை. பழைய படங்களை ஒளிபரப்பும்போது பெயர்ப் பட்டியலை வெட்டிவிடுவதும் இதற்கு ஒரு காரணம்.

காட்பாடியில் என் தாயார் 'மைக்கேல் மதன காமராஜன்' எத்தனை முறை போட்டாலும் பார்ப்பார். அதில் டெல்லி கணேஷ் ஏற்ற சமையல்காரர் வேடமான பாலக்காட்டு மணி ஐயரின் குரல் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார். அந்த நடிகரின் பெயரை அவர் அறிந்தது மறைவுச் செய்தி வந்த அன்றுதான். அது எனக்குப் பெரும் வருத்தம். படம் முடிந்ததும் ஒரு நிமிடமாவது, துணை வேடங்களில் நடித்தோரின் முகத்தையும் பெயரையும் சேர்த்துக் காட்டுவதைத் தொலைக்காட்சிகள் வழக்கமாக்க வேண்டும். அவர்கள் வாழும்போதே அதைச் செய்ய வேண்டும்.

- ஓய்வுபெற்ற ஆசிரியர், காட்பாடி, வேலூர் மாவட்டம்